பள்ளிக்கூடத்துக்கு 4 சான்றிதழ் இருக்குதா? கேட்பது பெற்றோரின் உரிமை: கும்பகோணம் தீ விபத்து சொல்லும் பாடம்

கும்பகோணம்:-

பிள்ளையை பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகும் பெற்றோர் என்னென்ன கேட்கிறார்கள்? பீஸ் எவ்வளவு, வேன் நம்ம தெருவுக்கு வருமா, யூனிபார்ம் எங்கே எடுக்கணும், பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் பாஸ் என்று எல்லாம் கேட்பார்கள். ஆனால், "இந்த கட்டிடத்துக்கு உறுதிச் சான்று இருக்குதா? தீயணைப்பு துறைக்காரங்க கடைசியா எப்ப வந்து பார்த்தாங்க?" என்று கேட்கிற பெற்றோரை தேடித்தான் பிடிக்கணும்.

அதெல்லாம் கவர்மெண்டு பார்த்துக்கொள்ளும் என்பது நம்ம நினைப்பு. கவர்மெண்டு பார்க்கத்தான் செய்கிறது. சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது, அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்த்தார்களா, என்ன பார்த்தார்கள், பார்த்து என்ன எழுதினார்கள் என்பதை பொதுமக்கள் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கும்பகோணத்தை விட பெரிய சாட்சி கிடையாது.

ஒரு பள்ளிக்கூடம் நடத்த என்னென்ன சான்றிதழ் வேண்டும், அதை யார் கொடுக்கிறார்கள், பெற்றோர் அதை எப்படி கேட்டு வாங்கலாம்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

94 பிஞ்சுகள் பலியான நாள்

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந்தேதி, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் உள்ள கிருஷ்ணா பள்ளியில் காலை 11 மணி அளவில் சத்துணவு சமைக்கும் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. அந்த தீ மாடியில் வகுப்பறைகளுக்கு மேல் போட்டிருந்த கீற்றுக்கூரைக்கு பரவியது. கூரை எரிந்து குழந்தைகள் மீது விழுந்தது. இறங்கி ஓட இருந்தது குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் பரிதாபமாக கருகி பலியானார்கள். எல்லோரும் தொடக்கப்பள்ளி படிக்கும் வயசுப் பிள்ளைகள்.

ஒரே கட்டிடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்து வந்தன. அங்கீகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. கட்டிடத்துக்கு சான்று வழங்கப்பட்டிருந்தது. அதாவது அரசாங்க பைலில் இருந்த பள்ளிக்கூடம் ஒன்று, தெருவில் நின்ற பள்ளிக்கூடம் இன்னொன்று. பைலில் பார்த்தால் எல்லாம் சரி. தெருவில் போய் அண்ணாந்து பார்த்திருந்தால் கீற்று கண்ணில் பட்டிருக்கும்.

இந்த சம்பவம் பற்றி விசாரிக்க நீதிபதி சம்பத் தலைமையில் கமிஷன் அமைக்கப்பட்டது. தஞ்சாவூர் கோர்ட்டில் நடந்த வழக்கில் 10 ஆண்டுக்கு பிறகு 2014-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி தீர்ப்பு வந்தது. பள்ளி நிறுவனர் உள்பட 10 பேருக்கு தண்டனை விதிக்கப்பட்டது. 11 பேர் விடுதலை ஆனார்கள். நிறுவனருக்கு விதித்த ஆயுள் தண்டனையை 2017-ம் ஆண்டு மதுரை ஐகோர்ட்டு கிளை குறைத்தது.

கோர்ட்டு விசாரணை எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருவது. நடப்பதற்கு முன்னாடி தடுத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

முன்கூட்டியே வந்த 3 எச்சரிக்கை

கீற்றுக்கூரை ஆபத்து என்பது 2004-ல் திடீரென்று தெரிந்த விஷயம் இல்லை. அதுக்கு முன்னாடியே மூன்று தடவை எச்சரிக்கை வந்தது.

1997-ம் ஆண்டு ஜூன் மாதம் தஞ்சை பெரிய கோவில் கும்பாபிஷேகத்துக்காக போட்ட யாகசாலை பந்தலில் தீப்பிடித்து 48 பேர் பலியானார்கள்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களை தங்க வைத்திருந்த கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந்தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் 100 கிலோ மீட்டர் கூட கிடையாது. இடையில் 6 மாதம்கூட ஆகவில்லை. அந்த 6 மாதத்துக்குள் டெல்டா மாவட்டங்களில் எந்தெந்த பள்ளியில் கீற்றுக்கூரை இருக்கிறது என்று கணக்கெடுத்து பிரித்திருந்தால் 94 குழந்தைகளும் இன்று 30 வயதை ஒட்டி இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டு இருக்கும்.

கும்பகோணம் சம்பவத்துக்கு பிறகுதான் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் கீற்றுக்கூரையை பிரிக்க உத்தரவு போடப்பட்டது. 94 உயிர் போன பிறகு நடந்த வேலை அது.

பொதுநல வழக்கும் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவும்

கும்பகோணம் தீ விபத்து நடந்த அதே 2004-ம் ஆண்டில் அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு தொடர்ந்தார். நாடு முழுவதும் பள்ளிக் குழந்தைகளின் பாதுகாப்புக்கு உத்தரவு போட வேண்டும் என்பது வழக்கு.

2009-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி தீர்ப்பு வந்தது. குழந்தைக்கு கல்வி உரிமை என்றால் அதில் பாதுகாப்பான பள்ளிக்கூடத்தில் படிக்கும் உரிமையும் சேர்த்திதான் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. எல்லா பள்ளியிலும் தீயணைப்பு கருவி வைக்க வேண்டும், தீப்பிடிக்கும் பொருட்கள் பள்ளி கட்டிடத்தில் இருக்கக்கூடாது, கட்டிடத்தின் உறுதியை அவ்வப்போது சோதிக்க வேண்டும், தீயணைப்பு கருவியை இயக்க ஆசிரியர், ஊழியர்களுக்கு பயிற்சி கொடுக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு போடப்பட்டது.

இது அரசு பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் இல்லாமல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆக, "எங்க ஸ்கூல்ல எதுக்கு சார் பயர் எக்ஸ்டிங்குவிஷர்?" என்று எந்த நிர்வாகமும் கேட்க முடியாது. அது நாட்டின் மிகப்பெரிய கோர்ட்டு போட்ட உத்தரவு.

4 சான்றிதழ்கள் என்னென்ன?

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி அங்கீகாரம் வாங்கவோ புதுப்பிக்கவோ முக்கியமாக 4 சான்றிதழ் வேண்டும்.

1. கட்டிட உறுதிச் சான்று: கட்டிடத்தை தகுதி பெற்ற என்ஜினீயர் சோதித்து, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க தாங்கும் என்று கொடுப்பது.

2. கட்டிட உரிமம்: பொதுக்கட்டிட உரிமச் சட்டப்படி தாசில்தார் கொடுப்பது. 'படிவம் டி' என்று ஆபீசில் சொல்வார்கள்.

3. சுகாதாரச் சான்று: குடிதண்ணீர், கக்கூஸ், காற்றோட்டம், வெளிச்சம் இதையெல்லாம் பார்த்து சுகாதார துறை கொடுப்பது.

4. தீயணைப்பு சான்று: தீயணைப்பு துறை அதிகாரிகள் வந்து பார்த்து கொடுப்பது.

இந்த நாலுக்கும் காலக்கெடு உண்டு. ஒரு தடவை வாங்கி பிரேம் போட்டு மாட்டிவிட்டால் போதாது. கெடு முடிந்ததும் மறுபடியும் அதிகாரி நேரில் வந்து பார்த்து புதுப்பிக்க வேண்டும். நாலையும் சேர்த்து வைத்துத்தான் கல்வித்துறை அங்கீகாரம் கொடுக்கும்.

பள்ளி வேன், பஸ்சுக்கு இது தவிர தனியாக எப்.சி. வேண்டும். அதை கொடுப்பது வட்டார போக்குவரத்து ஆபீஸ், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

ஒழுங்காக நடத்தும் பள்ளிகளில் இந்த சான்றிதழ்களை ஆபீஸ் ரூம் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுகிற தலைமை ஆசிரியர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சான்றிதழ் இருந்தும் நடந்த சோகம்

சான்றிதழ் இருந்தால் மட்டும் பயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

2012-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி சென்னை அருகே 2-ம் வகுப்பு படித்த சிறுமி ஒருத்தி பள்ளி பஸ்சின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்து, அதே பஸ்சின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்த பஸ்சுக்கு சில வாரங்களுக்கு முன்புதான் எப்.சி. கொடுக்கப்பட்டிருந்தது. பேப்பரில் பஸ் ஓடத் தகுதியானது. தரையிலோ ஒரு குழந்தை விழும் அளவுக்கு ஓட்டை.

ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்தது. அதன் பிறகுதான் அதே 2012-ல் பள்ளி வாகனங்களுக்கு என்றே தமிழ்நாடு அரசு தனி சிறப்பு விதிகளை கொண்டு வந்தது. மஞ்சள் பெயிண்டு, அவசர வழி, முதலுதவி பெட்டி, தீயணைப்பு கருவி, வேகக் கட்டுப்பாட்டு கருவி, பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் எல்லாம் கட்டாயம் ஆனது. வருஷா வருஷம் பள்ளி திறப்பதை ஒட்டி மைதானத்தில் பள்ளி பஸ்களை வரிசையாக நிறுத்தி போக்குவரத்து, போலீஸ், கல்வி, வருவாய் துறை அதிகாரிகள் சோதனை போடுகிறார்களே, அது இதற்குத்தான்.

2021-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி நெல்லையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறை சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் பலியானார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிகளில் பழுதான கட்டிடங்களை கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது.

மூன்று சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கதைதான். முதலில் சாவு, அப்புறம் கோர்ட்டு, அப்புறம் புது விதி. கீற்றுக்கு ஒரு விதி, பஸ்சுக்கு ஒரு விதி, சுவருக்கு ஒரு உத்தரவு. ஒவ்வொரு விதிக்கு பின்னாலும் ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது.

அதிகாரி வருவது ஒரு நாள், பெற்றோர் வருவது 200 நாள்

அதிகாரிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு தாசில்தாருக்கு பட்டா, ஜாதி சான்று, வெள்ள நிவாரணம், தேர்தல் வேலை என்று தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவில்தான் பள்ளிக் கட்டிட உரிமம். தீயணைப்பு நிலைய அதிகாரிக்கு கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை எல்லாம் பார்க்க வேண்டிய பொறுப்பு இருக்கிறது.

அவர் ஒரு பள்ளிக்கு வருவது வருஷத்தில் ஒரு நாள் இருக்கும். அன்றைக்கு வாசல் பெருக்கி கோலம் போட்டிருப்பார்கள். பூட்டிக் கிடந்த இரண்டாவது கேட்டை திறந்து வைத்திருப்பார்கள். படிக்கட்டில் அடுக்கி வைத்த உடைஞ்ச பெஞ்சுகளை எடுத்து மறைத்திருப்பார்கள். அவர் பார்த்துவிட்டு கையெழுத்து போட்டு போய்விடுவார். மறுநாள் பெஞ்சு மறுபடியும் படிக்கட்டுக்கு வந்துவிடும்.

பெற்றோர் அப்படி இல்லை. வருஷத்தில் 200 நாளுக்கு மேல் பிள்ளையை கொண்டு வந்து விட்டு, கூட்டிக்கொண்டு போகிறார்கள். எந்த கேட் பூட்டியே கிடக்குது, எந்த வகுப்பில் மழை பெய்தால் ஒழுகுது, வேனில் எத்தனை பிள்ளையை அடைக்கிறாங்க என்பது அவர்களுக்கு தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது.

அதிகாரி கையில் அதிகாரம் இருக்கிறது, கண் இல்லை. பெற்றோர் கையில் கண் இருக்கிறது, அதிகாரம் இல்லை. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் கண்காணிப்பு.

கண்ணால் பார்க்க வேண்டியவை

என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியது இல்லை. யார் வேண்டுமானாலும் இதை பார்க்கலாம்.

* மாடியில் வகுப்பு நடந்தால் இறங்க எத்தனை படிக்கட்டு? அதில் சாமான் எதுவும் அடைத்து வைத்திருக்கிறார்களா?

* வகுப்பு நடக்கும்போது வெளியே போகும் கேட் பூட்டியிருக்கிறதா? பூட்டினால் சாவி யாரிடம் இருக்கிறது?

* சமையல் அறை வகுப்பறைக்கு ஒட்டி இருக்கிறதா? கூரை என்ன கூரை? கியாஸ் சிலிண்டர் எங்கே வைக்கிறார்கள்?

* சுவரில் தொங்கும் சிவப்பு தீயணைப்பு கருவியில் கடைசியாக கியாஸ் நிரப்பிய தேதி என்ன? மீட்டர் முள் பச்சை கோட்டில் நிற்கிறதா? அதை இயக்க யாருக்கு தெரியும்?

* சுவரில் விரிசல், சீலிங்கில் கம்பி தெரிவது, தொங்கும் கரண்டு வயர் இருக்கிறதா?

* சான்றிதழில் எத்தனை மாடி என்று போட்டிருக்கிறது? எதிரே நிற்கும் கட்டிடத்தில் எத்தனை மாடி இருக்கிறது?

கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம். தரைத்தளமும் முதல் மாடியும் இருக்கும்போது வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு, மேலே தகர ஷீட் போட்டு இன்னும் 4 வகுப்பு நடத்தினால் அந்த மேல் மாடிக்கு சான்று இல்லை என்றுதான் அர்த்தம்.

பள்ளி பஸ்சுக்கு இன்னும் சுலபம். வண்டி நம்பரை 'எம்-பரிவாகன்' ஆப்பில் போட்டால் எப்.சி. எந்த தேதி வரை, இன்சூரன்ஸ் எந்த தேதி வரை என்று செல்போனிலேயே வந்துவிடும்.

10 ரூபாயில் ஒரு ஆயுதம்

"பள்ளிக்கூடத்தில் கேட்டேன், காட்ட மாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்றால் என்ன செய்வது? அங்கேதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் சட்டம் வந்தது. ஆனால் அதில் "இதை தர முடியாது, அதை தர முடியாது" என்று விலக்கு நிறைய. 2005-ம் ஆண்டு அக்டோபர் 12-ந்தேதி அமலுக்கு வந்த மத்திய அரசு சட்டம்தான் வலுவானது.

தனியார் பள்ளியிடம் நேரடியாக இந்த சட்டத்தில் கேட்க முடியாதே என்று சிலர் நினைக்கலாம். கேட்க வேண்டியது பள்ளியிடம் இல்லை. பள்ளி கொடுத்த பேப்பர் எல்லாம் அரசு ஆபீஸ் பைலில் இருக்கிறது. அந்த ஆபீசில் கேட்டால் போதும். அங்கீகாரம் பற்றி மாவட்ட கல்வி அலுவலகம், கட்டிட உரிமம் பற்றி தாலுகா ஆபீஸ், தீயணைப்பு சான்று பற்றி மாவட்ட தீயணைப்பு அலுவலகம், பஸ் பற்றி ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஆபீஸ் மாறி அனுப்பிவிட்டாலும் கவலை இல்லை. அவர்களே 5 நாளுக்குள் சரியான ஆபீசுக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, பொது தகவல் அலுவலர் என்று விலாசம் போட்டு தபாலில் அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்கள் அதற்கான ஆதாரம் வைத்தால் கட்டணம் கிடையாது.

மனுவில் இப்படி கேட்கலாம்:-

1. இந்த ஊரில் இந்த பெயரில் இயங்கும் பள்ளிக்கு தற்போது அமலில் உள்ள அங்கீகார ஆணையின் நகல் தரவும்.

2. மேற்படி பள்ளியின் கட்டிட உறுதிச் சான்று, கட்டிட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்பு சான்று ஆகியவற்றின் நகல் தரவும்.

3. கடந்த 3 ஆண்டுகளில் இந்த பள்ளியை அதிகாரிகள் ஆய்வு செய்த தேதிகள், ஆய்வு அறிக்கைகளின் நகல் தரவும்.

4. ஆய்வில் குறை சொல்லப்பட்டிருந்தால், அதை சரி செய்ததாக பள்ளி கொடுத்த பதிலின் நகல் தரவும்.

5. மேற்படி பள்ளி சம்பந்தப்பட்ட கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும் ஒதுக்கி தரவும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை? யார் காரணம்?" என்று சண்டை போடுகிற மாதிரி எழுதினால், இது தகவல் இல்லை என்று தட்டிக்கழித்து விடுவார்கள். நகல் கேட்கணும், தேதி கேட்கணும். பேப்பர் கையில் வந்துவிட்டால் கேள்வி தானாக வந்துவிடும்.

5-வது கேள்வியை விட்டுவிடக்கூடாது. பைலை நேரில் பார்க்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்கு கட்டணம் கிடையாது. அரசு பள்ளியில் நடக்கும் கட்டிட வேலையை நேரில் பார்வையிடவும், சிமெண்டு கலவையில் சாம்பிள் எடுக்கவும்கூட இந்த சட்டத்தில் வழி உண்டு.

பதில் வரவில்லை என்றால்?

மனு போய் சேர்ந்து 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் அரைகுறையாக இருந்தாலும் அதே துறையில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் அப்பீல் எழுத வேண்டும். இதற்கு அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது அப்பீல் போடலாம்.

காரணம் இல்லாமல் தகவல் தராத அதிகாரிக்கு நாள் ஒன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25 ஆயிரம் வரை ஆணையம் அபராதம் போடலாம். அந்த பணம் அவர் சொந்த பணத்தில் இருந்து போகும் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது அப்பீல் விசாரணைக்கு வர மாசக்கணக்கில் ஆகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நிறைய விஷயம் அது வரைக்கும் போவது இல்லை. ஒரு பள்ளி பைலை யாரோ கேட்கிறார்கள் என்றாலே அந்த பைல் அலமாரியில் இருந்து மேஜைக்கு வந்துவிடும். கெடு முடிந்த சான்றிதழ் இருந்தால் அதை புதுப்பிக்க சொல்லி பள்ளிக்கு கடிதம் போகும். அதுவே பாதி வெற்றி.

சுவர் இன்றைக்கோ நாளைக்கோ விழும் போல இருக்கிறது என்றால் 30 நாள் காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் சொல்லி, அந்த இடத்துக்கு பிள்ளைகள் போகாமல் தடுக்க வேண்டும். கல்வித்துறை உதவி எண் 14417, முதல்-அமைச்சர் உதவி மையம் 1100 ஆகியவற்றில் புகார் சொல்லலாம். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் போட்டோவோடு மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

அரசு பள்ளியில் பெற்றோருக்கே பதவி

அரசு பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் பெற்றோருக்கு இன்னொரு பலம் இருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமை சட்டப்படி பள்ளி மேலாண்மை குழு அமைக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள்.

நிறைய ஊரில் இந்த குழு கூட்டம் என்றால் டீ, பிஸ்கட், கையெழுத்து என்று முடிந்துவிடுகிறது. அப்படி முடிய விடக்கூடாது. "கழிப்பறை சுவரில் விரிசல். பொதுப்பணித்துறை என்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும்" என்று தீர்மான நோட்டில் ஒரு வரி எழுத வைத்தால் அது ஆவணம். நாளைக்கு "எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை" என்று யாரும் கையை விரிக்க முடியாது. கிராமங்களில் கிராம சபையிலும் இதையே தீர்மானமாக போடலாம். தமிழ்நாட்டில் குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், உள்ளாட்சி தினம், காந்தி ஜெயந்தி என வருஷத்துக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது.

"பிள்ளையை பழி வாங்குவாங்களே?"

பெற்றோர் வாயை கட்டிப்போடுவது இந்த பயம்தான். "நாம கேட்டா, பிள்ளையை கிளாசுல நிக்க வச்சு பேசுவாங்க. டி.சி. கிழிச்சு கொடுத்துடுவாங்க. நமக்கு எதுக்கு வம்பு?" இது நியாயமான பயம்தான். அதற்கும் வழி இருக்கிறது.

தகவல் மனு போட அந்த பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதற்காக கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்ல வேண்டியது இல்லை. இந்திய குடிமகன் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மாமா கேட்கலாம், சித்தி கேட்கலாம், தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி கேட்கலாம். இந்த பள்ளி பெற்றோர் அந்த பள்ளிக்கும், அந்த பள்ளி பெற்றோர் இந்த பள்ளிக்கும் மாற்றி மனு போடலாம்.

பள்ளியில் நேரில் கேட்பதாக இருந்தால் தனியாக போகாமல் 10 பெற்றோர் சேர்ந்து போவது நல்லது. குரலை உயர்த்த வேண்டாம். "சார், எங்க பிள்ளைங்க மாடியில படிக்குதுங்க. தீயணைப்பு சான்றை ஒரு தடவை பார்த்துக்கிறோம்" என்று மரியாதையாக கேட்டால் போதும். நல்ல நிர்வாகமாக இருந்தால் காட்டுவார்கள். காட்டவில்லை என்றால் அந்த மறுப்பே ஒரு பதில்தான்.

இன்னொரு விஷயத்திலும் உஷாராக இருக்க வேண்டும். தகவல் மனு போட்டு, குறையை கண்டுபிடித்து, பள்ளியிடம் பணம் பறிக்கிற ஆசாமிகளும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களால் உண்மையாக கேட்கிற பெற்றோருக்கும் கெட்ட பெயர். அதனால் கிடைத்த பேப்பரை வைத்துக்கொண்டு தனியாக பேரம் பேசப் போகக்கூடாது. பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். அதிகாரிக்கு எழுத்து மூலமாக கொடுக்க வேண்டும்.

ஒரு ஸ்டாம்பு, ஒரு தாள்

கும்பகோணத்தில் வருஷா வருஷம் ஜூலை 16-ந்தேதி அந்த குழந்தைகளின் போட்டோவுக்கு மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, பிள்ளைகளுக்கு பிடித்த பலகாரத்தை வைத்து பெற்றோர் அழுகிறார்கள். அந்த பெற்றோரிடம் 2004-ல் யாரும் எந்த சான்றிதழையும் காட்டவில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

இப்போது கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. செலவு 10 ரூபாய் ஸ்டாம்பும் தபால் செலவும்தான்.

அடுத்த தடவை பீஸ் கட்ட பள்ளிக்கூடம் போகும்போது ஆபீஸ் ரூம் சுவரை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். 4 சான்றிதழ் இருக்குதா, தேதி முடியாமல் இருக்குதா என்று படியுங்கள். இல்லை என்றால் கேளுங்கள்.